கன்னம் சிவந்தால் பச்சைதான் பூச வேண்டுமா?

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. மணப்பெண் அறையில் நான் ஒப்பனைப் பெட்டியைத் திறந்தபோது மணி நாலரை. பெண்ணுக்கு நல்ல மாநிறம். இரண்டு கன்னங்களும் மூக்கின் ஓரங்களும் கன்றிச் சிவந்திருந்தன. முந்தின நாள் மாலை யாரோ சொன்னார்கள் என்று பிளீச்சும் பேஷியலும் செய்துகொண்டு வந்திருக்கிறாள். தொட்டாலே சுட்டது. அந்த மாதம்தான் பச்சை நிறக் கரெக்டர், அதாவது தோலின் நிறக் குறையை அடக்கும் அடிப்பூச்சு, ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். ‘சிவப்பை அடக்கப் பச்சை’ என்று படித்ததை நம்பி, கன்னம் முழுவதும் அதைப் பரப்பி, மேலே பவுண்டேஷன் போட்டு முடித்தேன். அறையின் டியூப்லைட்டில் நன்றாகத்தான் தெரிந்தது. வீடியோக்காரர் வந்து தன் விளக்கைப் போட்டார். நெற்றியும் தாடையும் பெண்ணின் நிறத்தில் இருக்க, கன்னங்கள் மட்டும் திருநீற்றைக் குழைத்துப் பூசியதுபோல் சாம்பல் பூத்து நின்றன.

“அக்கா, கன்னம் மட்டும் உயிரில்லாமல் இருக்கிறதே” என்றாள்.

துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் சிவப்பு ஏறியது. கடைசியில் ஈரத்துணியை ஒற்றி ஒற்றிச் சூட்டைத் தணித்து, மஞ்சள் சாயல் உள்ள பவுண்டேஷனை மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு கொடுத்து, இலேசான சிவப்பு தெரியத் தெரியவே மேடைக்கு அனுப்பினேன். புகைப்படங்களில் அந்தச் சிவப்பு யார் கண்ணையும் உறுத்தவில்லை. சாம்பல் கன்னம் நிச்சயம் உறுத்தியிருக்கும்.

அதற்குப் பிறகு எத்தனையோ முகங்களில் பச்சையை வைத்துப் பார்த்துவிட்டேன், வைக்காமலும் பார்த்துவிட்டேன். முகச் சிவப்புக்கு எதை வாங்குவது என்று கேட்பவர் முன்னால் இன்று பல வழிகள் இருக்கின்றன. பவுண்டேஷனுக்கு அடியில் முகம் முழுக்கப் பூசும் பச்சைப் பிரைமர், குறையுள்ள இடத்தில் மட்டும் புள்ளி வைத்துத் தொடும் பச்சைக் கன்சீலர், பூசியதும் தோல் நிறத்துக்கு மாறும் பச்சைக் கிரீம், பச்சையே கலக்காத மஞ்சள் சாயல் பவுண்டேஷன், தழும்பு மறைக்கும் கனத்த கிரீம், இவை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுத் தோல் மருத்துவர். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாநிற, கருநிறத் தோல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பச்சை தேவையில்லை. தேவைப்படும் சிலருக்கு அரிசி அளவு போதும். அந்த அரிசி அளவுக்கு ஈடாக வேறு எதுவும் கிடையாது.

பச்சை உண்மையில் என்ன செய்கிறது

இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், தன்மேல் விழும் ஒளியில் பச்சையையும் மஞ்சளையும் ஒட்டிய பகுதியை நன்றாக விழுங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தில் இந்த விழுங்கல் 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களில் உச்சம் தொடுகிறது. சிவப்பு ஒளி மட்டும் தப்பித் திரும்பி வருவதால் கன்னம் சிவப்பாகத் தெரிகிறது. பச்சை நிறமி இதற்கு நேர்மாறு. அது சிவப்பை விழுங்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமைந்தால் எந்த நிறமும் முந்தி நிற்காது. மங்கலான ஒரு பழுப்புச் சாம்பல்தான் மிஞ்சும். பாவு சிவப்பும் ஊடை பச்சையுமாக நெய்த பட்டுப் புடவையை எட்ட நின்று பாருங்கள். சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது; இரண்டுக்கும் நடுவில் பழுப்பான மங்கல் நிறம் ஒன்று தெரியும். கன்னத்திலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது.

ஆகவே பச்சையின் வேலை சிவப்பை மங்கச் செய்வதோடு முடிந்துவிடுகிறது. முகத்துக்கு நிறத்தைத் திருப்பித் தருவது அதன்மேல் வருகிற பவுண்டேஷன். பச்சை மிஞ்சிப்போனால் பவுண்டேஷனும் கூடுதலாக வேண்டும், பவுண்டேஷன் கூடினால் பவுடரும் கூடும். இப்படித்தான் ஒரு சின்னச் சிவப்புத் திட்டுக்காக முகம் முழுவதும் முகமூடியாகிவிடுகிறது.

இன்னொன்று, நம் தோலுக்கு மிக முக்கியமானது. கடையில் கிடைக்கும் பச்சைகளில் பெரும்பாலானவை புதினா சட்னியில் தேங்காய் கூடிப்போனதுபோல் வெளிறியவை. பச்சை நிறமியோடு டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறையக் கலந்திருப்பதே காரணம். வெளிறிய, ரோஜாச் சாயல் கொண்ட தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பொருள்கள் இவை. அத்தகைய தோலில் அந்த வெள்ளை தனியாகத் தெரியாது. மாநிறத்தில் அதுவே சாம்பலாக எழுந்து நிற்கும். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். வெள்ளையைத் தீர்க்க நம் கன்னத்தில் எதுவும் இல்லை. அந்த மணப்பெண்ணின் முகத்தில் நான் கண்ட சாம்பல் இதுதான்.

வாங்குவதற்கு முன் டப்பாவின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலின் கடைசியைப் பாருங்கள். நிறமிகள் எண்களாக இருக்கும். 77288, 77289 என்பவை குரோமியம் சார்ந்த பச்சைகள். 77891 வெள்ளை. 77492 மஞ்சள் இரும்பு ஆக்சைடு, 77499 கறுப்பு இரும்பு ஆக்சைடு. பச்சையும் வெள்ளையும் மட்டும் இருந்தால் அது புதினா நிறம்தான், நமக்கு எச்சரிக்கை. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்திருந்தால் கறிவேப்பிலை போன்ற மட்டுப்பட்ட பச்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுதான் மாநிறத்துக்குப் பொருந்தும். நிறமிகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் எது அதிகம் என்று பட்டியல் சொல்லாது. அதனால் பூசியும் பார்க்க வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம் பொதுவாக முகத்தைவிட வெளிறியது; அங்கே பார்த்து ஏமாறாதீர்கள். தாடை ஓரத்தில் தொட்டு, கடை வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள்.

எந்தச் சிவப்பு?

நம் பேச்சில் ‘பெண் நல்ல சிவப்பு’ என்றால் வெளுத்த நிறம் என்று பொருள். இந்தச் சொல் செய்யும் கேடு கொஞ்சமில்லை. வெயிலில் நின்றும் அடுப்படியில் வெந்தும் ஒரு பெண்ணின் கன்னம் கன்றிச் சிவந்திருந்தால், ‘முகம் என்ன தெளிவு, செக்கச்செவேலென்று இருக்கிறாயே’ என்று வீட்டார் மகிழ்ந்துபோகிறார்கள். அவளுக்கோ உள்ளே எரிகிறது. ரொசேசியா என்ற தோல் நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று மருத்துவ உலகமே நீண்ட காலம் நினைத்திருந்தது. நம்மிடமும் அது உண்டு. பழுப்பு நிறத்துக்கு அடியில் சிவப்பு ஒளிந்துகொள்வதால் கண்ணில் படுவதில்லை. கண்ணைவிட உணர்வு நம்பகமானது. சூடான காபி, காரக் குழம்பு, வெயில், வெந்நீர்க் குளியல் இவற்றுக்குப் பிறகு கன்னம் சுட்டு, முள் குத்துவதுபோல் இருக்கிறதா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். கீறலில்லாத, தெளிவான டம்ளராக எடுத்து, அதன் பக்கத்தைச் சிவந்த இடத்தின்மேல் மெல்ல அழுத்துங்கள். கண்ணாடி வழியாகப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்து, கையை எடுத்ததும் மீண்டும் சிவந்தால் அது இரத்தக் குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு. பச்சைக்கு வேலை உண்டு. அழுத்தியும் அந்த இடம் கருஞ்சிவப்பாக, பழுப்பாக அப்படியே நின்றால் அது மெலனின் என்ற தோலின் சொந்த நிறமி. பரு ஆறிப்போய் விட்ட கறை. பச்சை அங்கே ஆகாது. பழுப்பின்மேல் பச்சை ஏறினால் கறை இன்னும் கறுத்து, ஆறிப்போன காயம்போல் தெரியும். அதற்குப் பீச், ஆரஞ்சு நிறக் கரெக்டர்தான் மருந்து. என்னிடம் ‘பச்சை வேண்டும்’ என்று கேட்டு வருகிறவர்களில் பலருக்கு இந்த டம்ளர் சோதனையில் பீச்தான் வேண்டும் என்று தெரிய வரும். ஒரு டம்ளரால் மிச்சமாகும் பணத்தை நினைத்தாவது இதைச் செய்து பாருங்கள். அழுத்தியும் மாறாமல் ஊதா, கருஞ்சிவப்புப் புள்ளிகளாக இருந்தால் அது தோலுக்குள் இரத்தக் கசிவாக இருக்கலாம். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஒப்பனையை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முகம் முழுக்கப் பச்சைப் பிரைமர்

இதை நான் பரிந்துரைப்பதில்லை. வெளிறிய தோலும் முகம் முழுக்கப் பரவிய சிவப்பும் உள்ளவர்களுக்கு இது எளிய வழி. சன்ஸ்கிரீன்போல் பூசிவிட்டு மேலே மெல்லிய பவுண்டேஷன் போட்டால் முடிந்தது. நமக்கு முகம் முழுக்கச் சிவப்பது அபூர்வம். சிவக்காத நெற்றியிலும் தாடையிலும் பச்சை போனால் அது எதைத் தீர்க்கும்? அங்கே சாம்பல்தான். போதாததற்குப் பல பிரைமர்கள் சிலிக்கோன் சார்ந்தவை. அவற்றின்மேல் நீர் சார்ந்த பவுண்டேஷனைத் தேய்த்தால் அழிப்பான் துகள்போல் திரிதிரியாக உருண்டு வரும். ஹோமப் புகையிலும் சித்திரை மாத வியர்வையிலும் முதலில் நழுவுவது இந்த அடுக்குதான். முகூர்த்தக் கால் நட்ட பந்தலில் அது நழுவுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புள்ளி வைக்கும் பச்சைக் கன்சீலர்

பச்சையில் எனக்கு நம்பிக்கை உள்ள வழி இது ஒன்றுதான். மூக்கின் ஓரச் சிவப்பு, புதிதாக எழும்பிய பரு, கன்னத்தில் தெரியும் மெல்லிய சிவப்பு நரம்புகள் (விரிந்த இரத்தக் குழாய்களைத்தான் அப்படிச் சொல்கிறோம்) ஆகிய மூன்றுக்கும் இதைப்போல் எதுவும் கைகொடுக்காது. குழாயில் வரும் திரவம், குச்சி, சிறு டப்பாவில் வரும் குழைவு என்று மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. எண்ணெய் வழியும் தோலுக்குத் திரவம். வறண்ட தோலுக்குக் குழைவு. குச்சியை முகத்தில் நேரடியாக இழுக்காதீர்கள். இழுவையே சிவப்பைக் கூட்டும், பருக்களின் கிருமியும் குச்சிக்கு ஏறும்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது எப்போதும் இங்கேதான். முகம் கழுவி, ஈரப்பதக் கிரீம், சன்ஸ்கிரீன் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். கன்னத்தைத் தொட்டால் ஒட்டக் கூடாது. கரெக்டரைப் புறங்கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூட்டில் அது இளகும். மோதிர விரல் நுனியால் ஓர் அரிசி அளவு தொட்டு, சிவப்பின் நடுவில் வைத்து, ஒற்றி ஒற்றி ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். சிவப்பின் எல்லைக்கு உள்ளேயே நிறுத்துங்கள்; வெளியே போகிற ஒவ்வொரு மயிரிழையும் சாம்பல். முடித்த பிறகு கண்ணாடியில் பச்சையாகத் தெரியக் கூடாது. சிவப்பு பாதி அடங்கி, அந்த இடம் களைத்ததுபோல் மங்கலாகத் தெரிந்தால் அளவு சரி. பச்சை தெரிந்தால் ஈரமான ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்துப் பவுண்டேஷனை அதே இடத்தில் ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். பிரஷ்ஷால் இழுத்தால் அடியில் இருப்பது கிளம்பி மேலே உள்ளதோடு கலந்து சேறாகிவிடும். சிவப்பு முழுதாக மறையும்வரை பச்சையை ஏற்றிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பாதியைப் பச்சையிடமும் மீதியைப் பவுண்டேஷனிடமும் விட்டுவிடுங்கள்.

விலையும் இதற்குத்தான் தோதாக இருக்கிறது. அரிசி அளவில் தொட்டால் ஒரு குழாய் காலாவதியாகும்வரை தீராது.

நிறம் மாறும் பச்சைக் கிரீம்

டாக்டர் ஜார்ட் என்ற கொரிய நிறுவனத்தின் சிகாபேர் கிரீம் இந்த வகையில் உலகப் புகழ்பெற்றது. அதைப் பார்த்து எத்தனையோ வந்துவிட்டன. டப்பாவில் பச்சை, தேய்க்கத் தேய்க்க உள்ளே பொதிந்திருக்கும் நிறமிகள் உடைந்து தோல் நிறத்துக்கு வந்துவிடும். சன்ஸ்கிரீனும் அதிலேயே உண்டு, வல்லாரையின் சாறும் உண்டு. வல்லாரை தோலை ஆற்றும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். பவுண்டேஷன் பிடிக்காதவர்களுக்கும், ஐந்து நிமிடத்தில் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்களுக்கும் இது சௌகரியம். கேள்வி ஒன்றுதான்: அது மாறிப் போய்ச் சேருகிற ‘தோல் நிறம்’ யாருடைய நிறம்? பெரும்பாலும் ஒரே ஒரு வெளிர் பழுப்பு. எலுமிச்சை நிறத்தவருக்கும் கோதுமை நிறத்தவருக்கும் அழகாக அமரும். அதற்கு மேல் கருத்த நிறம் என்றால் முகம் கழுத்தைவிட்டுத் தனியே மிதக்கும். பணம் கொடுத்து இறக்குமதி டப்பா வாங்கும் முன் சிறிய மாதிரிக் குழாய் கிடைத்தால் அதை வாங்கிப் பகல் முழுக்கப் பூசிப் பாருங்கள். அதில் உள்ள சன்ஸ்கிரீனை மட்டும் நம்பி வெயிலில் போகாதீர்கள். குறிப்பிட்ட பாதுகாப்பு கிடைக்கும் அளவுக்கு அந்தக் கிரீமை யாரும் தடவுவதில்லை.

பச்சையே இல்லாமல்

அன்றாட முகத்துக்கு என் தேர்வு இதுதான். நம் ஊர்த் தோலில் இயல்பாகவே மஞ்சளும் ஆலிவ் காயின் மங்கிய பச்சையும் கலந்திருக்கின்றன. அதோடு பொருந்தும் மஞ்சள் சாயல் பவுண்டேஷனோ, நிறமேற்றிய சன்ஸ்கிரீனோ ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் இலேசான சிவப்பு தானாக அடங்கிவிடும். பச்சை அளவுக்கு மஞ்சள் சிவப்பை அடிக்காது, தணிக்கும். சாம்பல் ஆகாது, தவறாகப் பூசினாலும் கெடுதல் தெரியாது. கிளினிக் (Clinique) என்ற அழகுசாதன நிறுவனம் சிவப்புக்கென்றே விற்ற பவுடர் பச்சையாக இல்லாமல் மஞ்சளாகத்தான் இருந்தது என்பதை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

கடையில் பலர் செய்யும் தவறு, சிவப்பு மறைய வேண்டும் என்று ரோஜாச் சாயல் உள்ள, ஒரு படி வெளுத்த பவுண்டேஷனை வாங்குவது. அது சிவப்பை எடுத்துக் காட்டும். நிறமேற்றிய சன்ஸ்கிரீனுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதில் உள்ள இரும்பு ஆக்சைடுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கும் பருக்கறை உள்ளவர்களுக்கும் நிறமில்லாத சன்ஸ்கிரீனைவிட அது நல்லது. சிவப்பும் கறையும் சேர்ந்தே இருக்கும் நம் முகங்களுக்கு ஒரே குழாயில் இரண்டு வேலை.

கனத்த மறைப்புக் கிரீம்

பிறவியிலேயே முகத்தில் பரந்த கருஞ்சிவப்பு மச்சம் உள்ளவர்கள், தீக்காயத் தழும்பு உள்ளவர்கள், லேசர் சிகிச்சைக்கு நடுவில் இருப்பவர்கள் ஆகியோருக்கான வழி இது. இதன் வரலாறே அப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவில் லிடியா ஓ’லியரி என்ற பெண் முகத்தில் பெரிய சிவப்பு மச்சத்தோடு பிறந்தவர். 1928இல் தன் முகத்துக்காகவே ஒரு கிரீமை உருவாக்கினார். கவர்மார்க் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் 1975இலிருந்து தோல் மறைப்பு ஒப்பனையை ஒரு சேவையாகவே கற்றுக்கொடுத்து வந்தது. 2011இல் அதைச் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற தொண்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மச்சத்தை மறைப்பதும் மறைக்காமல் விடுவதும் அவரவர் விருப்பம் என்ற மதிப்போடு அந்தச் சேவை நடந்து வந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். நம் ஊரிலும் இப்படி ஒன்று ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவிலும் வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இந்தக் கிரீம்களில் சாதாரணப் பவுண்டேஷனைவிட நிறமி மிக அதிகம். சரியான நிறத்தைத் தேர்ந்தால் பச்சை அடியில் போட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இராது. பவுடர் போட்டு இறுக்கினால் வியர்வைக்கும் தண்ணீருக்கும் அசையாது. அதே காரணத்தால் இரவில் எடுப்பது கடினம். எண்ணெய் சார்ந்த கிளென்சரை விட்டு, ஒரு நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுக்க வேண்டும். இலேசான கன்னச் சிவப்புக்கு இதைத் தினமும் பூசுவது தேவையற்ற பாரம்.

மருத்துவர்

ஒப்பனைக்காரி இதை ஏன் எழுதுகிறாள் என்று தோன்றலாம். என் நாற்காலியில் வந்து உட்காரும் சிவந்த முகங்களில் நான் அஞ்சுவது ஒரு வகையைப் பார்த்துத்தான். தோல் மெலிந்து கண்ணாடித்தாள்போல் பளபளக்கும், நரம்புகள் தெரியும், கன்னத்தில் மெல்லிய முடி வளர்ந்திருக்கும், பொரிப்பொரியாகப் பரு. கேட்டால் ‘வெள்ளையாவதற்கு ஒரு கிரீம் பூசுகிறேன், நிறுத்தினால் முகம் எரிகிறது’ என்பார்கள். டப்பாவைப் புரட்டினால் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசோல் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு, அழற்சியை அடக்கும் வீரியமான மருந்து. முதல் சில வாரங்கள் முகம் வெளுத்துத் தெளியும். ஊரார் ‘கலர் வந்துவிட்டது’ என்று பாராட்டுவார்கள். பிறகுதான் சிவப்பு தொடங்கும். அதையும் ‘சிவப்பாகிவிட்டாள்’ என்றே சிலர் பாராட்டுவார்கள். இதைவிடக் கொடுமை எனக்குத் தெரியவில்லை.

இந்தியத் தோல் மருத்துவர்கள் பல நகரங்களில் சேர்ந்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏறக்குறைய ஏழில் ஒருவர். 2018இல் மத்திய அரசு இத்தகைய கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. ஆனாலும் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. இந்த முகத்தில் பச்சை பூசுவது எரிகிற வீட்டின் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது. கிரீமைத் திடீரென்று நிறுத்தினாலும் சிவப்பு சீறி எழும். படிப்படியாக இறக்கத் தோல் மருத்துவரின் துணை வேண்டும்.

கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் வண்ணத்துப்பூச்சிபோல் பரவி, மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவிட்டுச் சிவப்பது லூபஸ் நோயின், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோயின், அடையாளமாக இருக்கலாம். மூட்டுவலி, அசதி, வெயில் பட்டால் தடிப்பு சேர்ந்திருந்தால் தாமதிக்காதீர்கள். மாறாக அந்த மடிப்புகளிலேயே செதில் செதிலாகச் சிவந்தால் பொடுகோடு தொடர்புள்ள தோல் அழற்சி. சரியான மருந்தில் அடங்கிவிடும். புருவ மத்தியில் மட்டும் சிவந்து அரித்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையையோ குங்குமத்தையோ சந்தேகப்படுங்கள்.

ரொசேசியாவே என்று உறுதியானால் மருந்துகள் இருக்கின்றன. 15 சதவீத அசெலாயிக் அமில ஜெல் 2002இலேயே அமெரிக்காவில் இந்நோய்க்காக அனுமதி பெற்றது. பரு விட்ட பழுப்புக் கறையையும் அது சேர்த்தே வெளுக்கச் செய்வதால் நம் தோலுக்குத் தோதானது. பலன் தெரியப் பல வாரம் ஆகும், முதலில் சற்று எரியும். பிரிமோனிடின் ஜெல் 2013இல் வந்தது. விரிந்த இரத்தக் குழாயைச் சுருக்கும். அரை மணி நேரத்தில் சிவப்பு இறங்கி, பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். பச்சைக் கரெக்டருக்கு நேர்ப் போட்டி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மருந்து இறங்கியதும் சிலருக்கு முன்னைவிட மோசமாகச் சிவக்கும். கல்யாண நாளில் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்க்கும் பொருள் இதுவல்ல. நரம்புகள் நிலையாகத் தெரிந்தால் லேசர். 595 நானோமீட்டர் ஒளியை ஹீமோகுளோபின் விழுங்கிச் சூடாகும், குழாய் மூடிக்கொள்ளும். அதே ஒளியை மெலனினும் விழுங்குவதால் கருத்த தோலில் புண்ணும் கறையும் வரும் ஆபத்து உண்டு. நம் நிறத்தவருக்குச் செய்து பழகிய மருத்துவரிடம் மட்டும் போங்கள்.

இவற்றில் எதை எடுப்பது என்று நேருக்கு நேர் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். இலேசான, வந்து போகிற சிவப்பு என்றால் நிறமேற்றிய சன்ஸ்கிரீன் ஒன்று போதும். மூக்கோரம், பரு, நரம்பு என்று எல்லை தெரிகிற சிவப்பு என்றால் மட்டுப்பட்ட பச்சைக் கன்சீலர் ஒரு சின்னக் குழாய். கோதுமை நிறமும் நேரமின்மையும் சேர்ந்தவர் நிறம் மாறும் கிரீமை முயன்று பார்க்கலாம். சுடுகிற, எரிகிற, மாதக்கணக்கில் நிற்கிற சிவப்பு என்றால் கடைக்குப் போகும் பணத்தை மருத்துவருக்குக் கொடுங்கள். எல்லா வகையினரும் மென்தால், வாசனைத் திரவியம், ஆல்கஹால் கூடிய பொருள்களை முகத்திலிருந்து விலக்குங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் பிளீச்சும் புதுப் பேஷியலும் வேண்டவே வேண்டாம்.

அந்த மணப்பெண்ணின் தங்கைக்கு மூன்று வருடம் கழித்துக் கல்யாணம். அவளுக்கும் அக்காவைப்போலவே கன்னம். இந்த முறை இரண்டு மாதத்துக்கு முன்பே ஒத்திகைக்கு வரச் சொன்னேன். டம்ளரை அழுத்திப் பார்த்தோம், வெளுத்தது. வெயிலில் வண்டி ஓட்டிவிட்டு வந்தால் எரிகிறது என்றாள். தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். கல்யாணத்தன்று அதிகாலை கன்னத்தில் சிவப்பு ஏறக்குறைய இல்லை. மூக்கின் இரண்டு ஓரங்களில் மட்டும் மிச்சம். கறிவேப்பிலைப் பச்சையில் அரிசி அளவு எடுத்து, அதிலும் பாதியைத் துணியில் துடைத்துவிட்டு, இரு ஓரங்களிலும் ஒற்றினேன். மேலே மஞ்சள் சாயல் பவுண்டேஷன் ஒரு பூச்சு. பிறகு அவளை ஜன்னலோரம் அழைத்துப்போய், அப்போதுதான் விடிந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் கைக்கண்ணாடியைக் கொடுத்தேன்.